வி-த்ரீயும் ப்ரெபொசிஷனும்: வரிசை தவறாமல் இணைக்க ஒரு முழு வழிகாட்டி

ரிட்டன், நோன், மேட், இன்ட்ரஸ்டட் மாதிரியான பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்களுக்கு, அதாவது வினையின் மூன்றாம் வடிவமான வி-த்ரீக்கு, பின்னால் எந்த ப்ரெபொசிஷன் (பை, வித், டு போன்ற சொல்) வரும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் கையில் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்தவர்கள் எழுதியதைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ப்ரெபொசிஷன் சரியாக இருக்கும், ஆனால் வாக்கியம் உடைந்திருக்கும்.

ப்ரெபொசிஷனைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தச் சொல் உண்மையிலேயே வி-த்ரீதானா? அது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறது? அந்தப் பெயர் வேலையைச் செய்ததா, வேலைக்கு உட்பட்டதா? இந்த வரிசையில் போனால் பட்டியலின் பாதி தேவைப்படாது.

தொடங்கும் முன்

வினைச்சொற்களின் மூன்று வடிவங்கள் ஓரளவு பழகியிருக்க வேண்டும்: ரைட், ரோட், ரிட்டன், டேக், டுக், டேக்கன். நூறு சொல் தெரிந்தால் போதும்.

ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே தயாரித்த ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆங்கில-தமிழ் அகராதி பொருளைச் சொல்லும். எந்த ப்ரெபொசிஷன் சேரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அது வி-த்ரீதானா என்று உறுதிசெய்யுங்கள்

ரிட்டன், டேக்கன் என்றால் குழப்பமில்லை. அரெஸ்டட், பில்ட், மேட், கால்டு போன்றவற்றில் இறந்தகால வடிவமும் வி-த்ரீயும் ஒன்றேதான். "தி மேன் அரெஸ்டட் பை தி போலீஸ் எஸ்கேப்டு" என்ற வாக்கியத்தில் முக்கிய வினை எது? பலர் அரெஸ்டட் என்பார்கள். எஸ்கேப்டு என்பதே சரி.

சோதிப்பது எளிது. சந்தேகப்படும் சொல்லை எடுத்துவிட்டு, மூன்று வடிவமும் வேறுவேறாக உள்ள ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். "தி மேன் டேக்கன் பை தி போலீஸ்" பொருந்தும், "டுக் பை தி போலீஸ்" பொருந்தாது. அப்படியானால் அந்த இடம் வி-த்ரீயின் இடம்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" என்ற வாக்கியத்தை 1970இல் தாமஸ் பீவர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்று பொருள். ரேஸ்ட் என்பதை முக்கிய வினையாக நினைத்துப் படித்துக்கொண்டு போனவர்கள், கடைசியில் ஃபெல் வந்ததும் விழிப்பார்கள்.

2. பெயர் செய்ததா, செய்யப்பட்டதா?

தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

தமிழ்ப் பெயரெச்சம் தாராளமானது. "அப்பா எழுதிய கடிதம்", "கடிதம் எழுதிய அப்பா", "சென்னையிலிருந்து வந்த மாமா" என்று எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும். ஆங்கில வி-த்ரீக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பெயருக்குப் பின்னால் அது வந்தால், அந்தப் பெயர் வேலைக்கு உட்பட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

"தி லெட்டர் ரிட்டன் பை மை ஃபாதர்" சரி, ஏனென்றால் கடிதம் எழுதப்பட்டது. "மை ஃபாதர் ரிட்டன் தி லெட்டர்" என்பதை "கடிதம் எழுதிய அப்பா" என்ற பொருளில் போட முடியாது. அங்கே "ஹூ ரோட்" வேண்டும்.

"மை அங்கிள் கம் ஃப்ரம் சென்னை இஸ் எ டாக்டர்" என்று எழுதுபவரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார். கம், கோ, ஸ்லீப், ஒர்க் போன்றவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. ஆகவே "வந்த மாமா" என்பதை வி-த்ரீயால் சுருக்க வழியில்லை. "மை அங்கிள் ஹூ கேம் ஃப்ரம் சென்னை" என்று விரித்தே எழுத வேண்டும்.

சோதனை: வி-த்ரீக்கு முன் "விச் வாஸ்" அல்லது "ஹூ வாஸ்" சேர்த்துப் பாருங்கள். "தி லெட்டர் விச் வாஸ் ரிட்டன் பை மை ஃபாதர்" நிற்கிறது. "மை அங்கிள் ஹூ வாஸ் கம் ஃப்ரம் சென்னை" நிற்கவில்லை. நின்றால் சுருக்கலாம், நிற்காவிட்டால் விரித்து எழுதுங்கள்.

சில விலக்குகள் உண்டு. இடம் மாறுதல், நிலை மாறுதலைச் சொல்லும் சில சொற்கள் செயப்படுபொருள் இல்லாமலும் இப்படி வரும்: "லீவ்ஸ் ஃபாலன் ஃப்ரம் தி ட்ரீ", "எ ப்ரிசனர் எஸ்கேப்டு ஃப்ரம் ஜெயில்". "அரைவ்டு" தனியாக நிற்கத் தயங்கும். முன்னால் "நியூலி" அல்லது "ரீசன்ட்லி" சேர்த்தால் நிற்கும். எழுதப் பழகும் காலத்தில் இந்த விலக்குகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று. கட்டப்பட்ட வீடு வேறு, கட்டப்பட்டு வரும் வீடு வேறு. முதலாவது "தி ஹவுஸ் பில்ட் பை", இரண்டாவது "தி ஹவுஸ் பீயிங் பில்ட் பை". பீயிங் விட்டுப்போனால் வேலை முடிந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும்.

3. சொற்றொடர் முழுவதையும் பெயருக்குப் பின்னால் வையுங்கள்

வி-த்ரீ தனியாக வந்தால் பெயருக்கு முன்னால் நிற்கலாம்: "எ ப்ரோக்கன் சேர்". அதோடு ப்ரெபொசிஷன் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகப் பின்னால் போக வேண்டும்: "எ சேர் ப்ரோக்கன் பை தி சில்ட்ரன்".

புதியவர்கள் செய்வது இரண்டுங்கெட்டான் வேலை. வி-த்ரீயை முன்னால் விட்டுவிட்டு மீதியை மட்டும் பின்னால் தள்ளுவார்கள்: "தி ப்ரோக்கன் சேர் பை தி சில்ட்ரன்". இப்படிப் பிரித்தால் பை எதைச் சேர்ந்தது என்று தெரியாது. குழந்தைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் உடைந்த நாற்காலி என்றுகூடப் புரிந்துகொள்ளலாம்.

மொத்தத்தையும் முன்னால் கொண்டுவர ஒரு குறுக்குவழி உண்டு. அப்போது ப்ரெபொசிஷன் விழுந்துவிடும், நடுவில் ஒரு சிறு கோடு வரும். "எ கம்பெனி பேஸ்டு இன் சென்னை" என்பது "எ சென்னை-பேஸ்டு கம்பெனி" ஆகும். "எ ஸ்கூல் ஃபண்டட் பை தி கவர்ன்மென்ட்" என்பது "எ கவர்ன்மென்ட்-ஃபண்டட் ஸ்கூல்" ஆகும். "சென்னை-பேஸ்டு இன் கம்பெனி" என்று எழுதக் கூடாது.

4. வினைக்குச் சொந்தமான ப்ரெபொசிஷனைத் தொலைக்காதீர்கள்

சில வினைகள் தமக்கென்று ஒரு ப்ரெபொசிஷனோடுதான் வரும்: லாஃப் அட், லுக் ஆஃப்டர், டீல் வித். வாக்கியம் பாசிவ் (செயப்பாட்டு வினை) ஆனாலும் அது கூடவே வரும். அதன் பின்னால் செய்தவரைச் சொல்லும் பை வந்து ஒட்டும்.

"ஹீ வாஸ் லாஃப்ட் அட் பை ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்." அட், பை இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று நினைத்து ஒன்றை அடித்துவிடுவார்கள். அடிக்காதீர்கள். அட் வினையின் சொத்து, பை செய்தவரின் அடையாளம். "எ சைல்ட் லுக்டு ஆஃப்டர் பை ஹெர் க்ராண்ட்மதர்" என்பதும் அப்படியே.

இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடம் நிறைய உண்டு. "தி மேட்டர் டிஸ்கஸ்டு அபௌட் இன் தி மீட்டிங்", "தி பாயின்ட் எம்ஃபசைஸ்டு ஆன் பை தி டீச்சர்". டிஸ்கஸ், எம்ஃபசைஸ் இரண்டும் வினையாக வரும்போது ப்ரெபொசிஷன் கேட்பதில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் கேட்கும்: டிஸ்கஷன் அபௌட், எம்ஃபசிஸ் ஆன். பெயருக்கு உரியதை வினைக்கு மாட்டிவிடுவதால் வருவது இந்தக் குழப்பம். ரிக்வெஸ்ட் ஃபார் என்பதும் இதே கதைதான்: "தி லீவ் ரிக்வெஸ்டட் பை மீ" போதும், நடுவில் ஃபார் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் முதலில் ஆக்டிவ் (செய்வினை) வாக்கியத்தை எழுதுங்கள். அதில் வினைக்குப் பின்னால் ப்ரெபொசிஷன் இருந்தால் பாசிவிலும் இருக்கும். இல்லாவிட்டால் இல்லை.

5. பை-யா, வித்-தா?

இங்கே குழப்பம் தமிழிலிருந்து வருகிறது. "அவனால் உடைக்கப்பட்டது", "கல்லால் உடைத்தான்" இரண்டுக்கும் நமக்கு ஒரே "ஆல்" போதும்; செய்தவரும் கருவியும் மூன்றாம் வேற்றுமைக்குள் அடங்கிவிடுவார்கள். ஆங்கிலம் பிரித்துவிடுகிறது. செய்தவருக்குப் பை, கருவிக்கு வித்.

"தி விண்டோ வாஸ் ப்ரோக்கன் பை எ ஸ்டோன்" என்றாலும் சரி, "வித் எ ஸ்டோன்" என்றாலும் சரி. ஆனால் பொருள் மாறும். வித் என்றால் யாரோ ஒருவர் கல்லைக் கையில் எடுத்து உடைத்திருக்கிறார். பை என்றால் கல் எங்கிருந்தோ வந்து பட்டது. ஆள் யாரென்று வாக்கியம் கவலைப்படவில்லை. காப்பீட்டுக் கடிதத்திலோ போலீஸ் புகாரிலோ இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்.

எழுதுவதைப் பற்றிச் சொல்லும்போது மூன்றாவதாக ஒன்று வருகிறது. பேனா கருவி, எனவே "ரிட்டன் வித் எ பென்". மை, மொழி இரண்டும் எழுத்து அமைந்திருக்கும் ஊடகம், எனவே "ரிட்டன் இன் இங்க்", "ரிட்டன் இன் தமிழ்". "ரிட்டன் பை ஹேண்ட்", "சென்ட் பை போஸ்ட்", "பெயிட் பை செக்" ஆகியவற்றில் வரும் பை முறையைச் சொல்வது. அதற்குப் பின்னால் எ, தி எதுவும் வராது என்பதை வைத்து அடையாளம் காணலாம். ரொக்கத்துக்கு மட்டும் வழக்கமாக "பெயிட் இன் கேஷ்".

நிரப்புதல், மூடுதல் போன்றவற்றில் பொருளைச் சொல்ல வித் வரும்: "ஃபில்டு வித் வாட்டர்", "கவர்டு வித் டஸ்ட்". ஃபுல் ஆஃப் என்பதோடு கலந்து "ஃபில்டு ஆஃப்" என்று எழுதுபவர்கள் பலர். "கவர்டு இன் மட்" என்றும் சொல்லலாம். உடம்பெல்லாம் சேறு என்ற அழுத்தம் அதில் வரும். இன்சூரன்ஸ் என்றால் "கவர்டு பை", ஏனென்றால் அங்கே காப்பது இன்சூரன்ஸ்.

6. நிகழ்ச்சியா, நிலையா?

இதுவரை பார்த்த வி-த்ரீகள் ஒரு செயலைச் சொன்னவை. இன்ட்ரஸ்டட், டயர்டு, மேரிட், சாடிஸ்ஃபைடு போன்றவை ஒருவருடைய நிலையைச் சொல்பவை. நிலை என்று வந்துவிட்டால் பை-யின் ஆட்சி தளரும். ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஒரு ப்ரெபொசிஷனை வைத்துக்கொள்ளும்.

எது நிலை என்று பார்க்க, முன்னால் "வெரி" போட்டுப் பாருங்கள். வெரி இன்ட்ரஸ்டட் சரி, வெரி அரெஸ்டட் சிரிப்பு வரும். மேரிட் போன்ற சில சொற்கள் நிலையைச் சொன்னாலும் வெரி ஏற்காது. அவற்றுக்கு அகராதிதான் கதி.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும். "ஃப்ரைட்டன்டு ஆஃப் டாக்ஸ்" என்றால் நாய் என்றாலே பயம், எப்போதும். "ஃப்ரைட்டன்டு பை எ டாக்" என்றால் ஒரு நாய் ஒருநாள் பயமுறுத்திவிட்டது. "டயர்டு ஆஃப்" என்றால் சலித்துப்போய்விட்டது. "டயர்டு ஃப்ரம்" என்றால் உடம்பு களைத்திருக்கிறது. "ஐ ஆம் டயர்டு ஆஃப் மை ஒர்க்" என்று மேலாளரிடம் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மேரிட் விஷயத்தில் தமிழ் காலை வாரிவிடும். "அவளுடன் திருமணம்" என்று பழகிய நாக்கு "மேரிட் வித்" என்கிறது. "மேரிட் டு" என்பதுதான் சரி. என்கேஜ்டு-வும் ஆளைச் சொன்னால் டு. வேலையைச் சொன்னால் இன்.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கை: "ஐ ஆம் போரிங்" என்றால் நான் அறுவைப் பேர்வழி என்று பொருள். சலிப்பை அனுபவிப்பவர் போர்டு, சலிப்பூட்டுவது போரிங். ப்ரெபொசிஷனைப் பற்றிக் கவலைப்படும் முன் இதைச் சரிபாருங்கள்.

7. ஒரே வி-த்ரீ, பல வாசல்கள்

நோன், மேட் இரண்டையும் முழுதாகப் படித்துவிட்டால், ப்ரெபொசிஷன் பொருளை எப்படி மாற்றுகிறது என்பது புரிந்துவிடும்.

"நோன் ஃபார்" காரணத்தைச் சொல்லும்: மதுரை மல்லிகைக்குப் பெயர்பெற்றது, "நோன் ஃபார் இட்ஸ் ஜாஸ்மின்". "நோன் ஆஸ்" பெயரைச் சொல்லும்: தூங்கா நகரம் என்று அழைக்கப்படுவது. "நோன் டு" யாருக்குத் தெரியும் என்பதைச் சொல்லும். "எல்லோருக்கும் தெரிந்த" என்பதில் வரும் "கு"-வும் இந்த டு-வும் அழகாக ஒத்துப்போகின்றன. "நோன் ஆஸ் இட்ஸ் ஜாஸ்மின்" என்று எழுதினால் மதுரையின் பெயரே மல்லிகை என்றாகிவிடும்.

மேட்-டில் ஆஃப், ஃப்ரம் இரண்டும்தான் சண்டை. மூலப்பொருள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தால் ஆஃப்: "எ டேபிள் மேட் ஆஃப் வுட்". உருமாறிவிட்டால் ஃப்ரம்: "ஜாகரி மேட் ஃப்ரம் ஷுகர்கேன்". கரும்பிலிருந்து வெல்லம் என்று நாமும் "இலிருந்து" போட்டுத்தானே சொல்கிறோம்? சேர்மானங்களில் ஒன்றைச் சொல்ல வித்: "எ கேக் மேட் வித் எக்ஸ்". திசையைத் திருப்பினால் இன்டு: "மில்க் மேட் இன்டு கர்ட்". இந்தக் கோடுகள் சுவர் மாதிரி உறுதியானவை இல்லை; ஆஃப்-ஃப்ரம் எல்லையில் ஆங்கிலேயர்களே கொஞ்சம் நெகிழ்வாக இருப்பார்கள்.

8. டு வந்தால் அதன் பின்னால் என்ன?

கமிட்டட் டு, டெடிகேட்டட் டு, ஒப்போஸ்டு டு, யூஸ்ட் டு ஆகியவற்றில் டு என்பது ப்ரெபொசிஷன். எனவே பின்னால் பெயர்ச்சொல் அல்லது இங்-வடிவம் வேண்டும்: "கமிட்டட் டு ஹெல்பிங் தி புவர்".

ஆனால் "ஃபோர்ஸ்டு டு லீவ்" என்பதில் டு வேறு வகை; பின்னால் வெறும் வினை. எது எது என்று அறிய, டு-வுக்குப் பின் "தி ப்ளான்" என்று ஒரு பெயரைப் போடுங்கள். "கமிட்டட் டு தி ப்ளான்" நிற்கும், அதனால் இங். "ஃபோர்ஸ்டு டு தி ப்ளான்" நிற்காது, அதனால் வெறும் வினை.

"ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு எழுவது எனக்குப் பழகிவிட்டது. "ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்" என்றால் முன்பு எழுந்தேன், இப்போது இல்லை. ஆம் என்ற ஒரு சொல்தான் வாசல்.

9. கோர்ட் செய்தியை வைத்துப் பழகுங்கள்

ஆங்கில நாளிதழின் குற்றச் செய்திப் பக்கம் இதற்கு அருமையான பாடநூல். ஒரு வழக்கு நகரும் வரிசையிலேயே சொற்கள் வரும், அதனால் மனதில் தங்கும்.

திருட்டு நடக்கிறது. ஒருவர்மேல் சந்தேகம்: சஸ்பெக்டட் ஆஃப் தெஃப்ட். குற்றம் சாட்டுகிறார்கள்: அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட். கைது: அரெஸ்டட் ஃபார் தெஃப்ட். முறைப்படி குற்றச்சாட்டு பதிவாகிறது: சார்ஜ்டு வித் தெஃப்ட். ஜாமீனில் வெளியே வருகிறார்: ரிலீஸ்டு ஆன் பெயில். தீர்ப்பு இரண்டில் ஒன்று: கன்விக்டட் ஆஃப், இல்லாவிட்டால் அக்விட்டட் ஆஃப். முதலாவதானால் தண்டனை: சென்டென்ஸ்டு டு டூ இயர்ஸ் இன் ப்ரிசன்.

அடிக்கடி தவறுவது அக்யூஸ்டு-வும் சார்ஜ்டு-வும். அரெஸ்டட் ஃபார், ப்ளேம்டு ஃபார் என்று வருவதால் "அக்யூஸ்டு ஃபார்" என்றும் எழுதிவிடுகிறார்கள். குற்றத்தின் பெயருக்குப் பதில் செயலைச் சொல்வதானால் இங் சேருங்கள்: "அக்யூஸ்டு ஆஃப் ஸ்டீலிங் எ பைக்".

தினம் ஒரு செய்தி போதும். வி-த்ரீயின் கீழ் ஒரு கோடு, ப்ரெபொசிஷனைச் சுற்றி ஒரு வட்டம், "விச் வாஸ்" எங்கே சேரும் என்று ஒரு புள்ளி. அப்புறம் அதே வாக்கியத்தை ஆக்டிவாக மாற்றி எழுதுங்கள். மாற்ற முடியாமல் திணறினால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

10. வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கும்போது

"ஓபன்டு இன் 1914, தி பாம்பன் பிரிட்ஜ் லிங்க்டு ராமேஸ்வரம் வித் தி மெயின்லேண்ட்." இது சரி. 1914இல் திறக்கப்பட்டது எதுவோ அதுவே கமாவுக்குப் பின் உடனே வருகிறது.

"ஓபன்டு இன் 1914, மை க்ராண்ட்ஃபாதர் ஒர்க்டு ஆன் தி பாம்பன் பிரிட்ஜ்" என்றால் 1914இல் தாத்தாவே திறக்கப்பட்டார் என்றாகிவிடும். கமாவுக்கு அடுத்த பெயரைப் பிடித்து, "இதுவா திறக்கப்பட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "கம்பேர்டு வித்", "பேஸ்டு ஆன்" போன்ற சிலவற்றில் இந்த விதியைப் பலரும் தளர்த்துகிறார்கள். தேர்வில் எழுதும்போது தளர்த்த வேண்டாம்.

11. விண்ணப்பம் எழுதும்போது ஒருமுறை பார்க்க வேண்டியவை

"அட்டாச்டு வித் திஸ் லெட்டர்" நம் அலுவலகங்களில் ஊறிப்போனது. பொது ஆங்கிலத்தில் "அட்டாச்டு டு". உறைக்குள் சேர்த்து அனுப்பினால் "என்க்ளோஸ்டு வித்" சரிதான். ஒருவேளை இரண்டும் கலந்துதான் முதலாவது பிறந்திருக்கும்.

சான்றிதழ் "இஷ்யூடு பை" தாசில்தார், "இஷ்யூடு டு" விண்ணப்பதாரர். நகலில் கையெழுத்து "அட்டெஸ்டட் பை". கடிதம் "அட்ரஸ்டு டு".

பிறப்பைச் சொல்லும் பார்னுக்கு நாளானால் ஆன், ஊரானால் இன், பெற்றோரானால் டு. செலவை ஏற்பதைச் சொல்லும் பார்ன் கடைசியில் இ என்ற ஆங்கில எழுத்தோடு வரும், அதற்குப் பின்னால் பை: "தி காஸ்ட் பார்ன் பை தி கம்பெனி". உச்சரிப்பு ஒன்றேதான் என்பதால் காதால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பெல்செக்கும் இரண்டையும் சரியென்று விட்டுவிடும்.